பீட்டா மாமா பேக்கப் எடுத்த கதை

நாமெல்லாம் வெந்த இட்லியைத் தின்கிறவர்கள். வேகாத இட்லியைத் தேடிப்பிடித்துத் தின்றுவிட்டு, "நடுவில் மாவாக இருக்கிறது" என்று அவித்தவனுக்கே மெனக்கெட்டுக் கடிதம் போடுகிற இனம் ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர் பீட்டா மாமா. மயிலாப்பூரில் தெருவுக்கு ஒருவராவது உண்டு.

விஷயம் இதுதான். மென்பொருள் செய்கிற கம்பெனிக்காரன் பாதி வேலை முடிந்ததும் அலுத்துப்போய், "பீட்டா" என்று ஒரு சீட்டை ஒட்டி அதை இலவசமாக வெளியே விடுவான். ஊரார் ஓட்டிப் பார்த்து எங்கே உதைக்கிறது என்று சொல்ல வேண்டும், அவன் திருத்திக்கொண்டு பிறகு காசுக்கு விற்பான். புத்தியுள்ளவன் தொடுவானா? மாட்டான். பீட்டா மாமா தொடாமல் இருக்கமாட்டார். "இன்னும் மார்க்கெட்டுக்கே வரலை, தெரியுமோ?" என்று அவர் சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டும், கபாலி கோயில் கர்ப்பக்கிரகத்துக்குள் அவரை மட்டும் கூப்பிட்டு விபூதி கொடுத்த மாதிரி இருக்கும்.

நம் சந்திரமௌலியை எடுத்துக்கொள்ளுங்கள். தி.நகரில் வங்கி உத்தியோகம், தெற்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் சொந்த ஃபிளாட், ஹாலில் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர். அலமாரியில் இருப்பவர்களுக்கு ஒரு முழம் பூ என்றால் கம்ப்யூட்டருக்கு வெல்வெட் உறை. இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் படுத்துவிடும் என்று உலகமே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்த அந்த வருஷத்தில், அவருடையது அதற்குள்ளேயே பல தடவை படுத்து எழுந்துவிட்டது. முன்பு ஒரு பஞ்சாங்க பீட்டா போட்டார். அது ஒரே வாரத்தில் இரண்டு ஏகாதசி காட்டியது. அவர் மனைவி சுப்புலக்ஷ்மி இரண்டு நாளும் பட்டினி கிடந்தாள், அவர் இரண்டு நாளும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் கம்பெனிக்கு ரிப்போர்ட் எழுதினார்.

இவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு லட்சியம். மென்பொருளில் இருக்கிற தப்புக்கு அந்த உலகத்தில் "பக்" என்று பெயர். யாரும் கண்டுபிடிக்காத ஒரு பக்கைத் தான் கண்டுபிடிக்க வேண்டும், கம்பெனிக்காரன் நன்றி சொல்கிற இடத்தில் தன் பெயர் வர வேண்டும். பெண் கல்யாணம்கூட அதற்கு அப்புறம்தான்.

பெண் கல்யாணம் என்றேனா? அங்கேதான் வந்தது வினை.

மகள் மதுவந்திக்கும் அடையாறு நிரஞ்சனுக்கும் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. ஆனால் கல்யாணத்துக்கு முந்தின நாள், ஜானவாசத்தன்று காலையில் நிரஞ்சனின் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, கால் முறிந்து, ஒரே பிள்ளையின் மாங்கல்யதாரணத்தைப் பார்க்காமல் ஆஸ்பத்திரியில் காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள். "சிடியிலே பார்த்துக்கறேன், நீங்க முகூர்த்தத்தை நிறுத்த வேண்டாம்" என்று பெருந்தன்மையாகச் சொன்னவள் அவள்தான். வீடியோ எடுத்த பஞ்சாட்சரம், கல்யாணம் முழுவதையும் அழகாக வெட்டி ஒட்டி ஒரே வீடியோ சிடியாகக் கொண்டுவந்து கொடுத்தான்.

"டேப்பும் வேணுமா சார்?" என்று கேட்டான்.

"டேப்பா? அதெல்லாம் கூவத்திலே போடுப்பா. காலம் மாறிப்போச்சு" என்றார் சந்திரமௌலி.

சிடியைச் சம்பந்தி வீட்டில் கொடுத்துவிட்டு வந்திருந்தால் கதை முடிந்தது. கொடுப்பாரா? அந்த வாரம்தான் ஏதோ ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வீடியோ சிடியை நகல் எடுக்கிற புது மென்பொருள் வந்திருந்தது. பீட்டா!

"ஏன்னா, ஊர்லே வேற சிடியே இல்லையா? அதை அந்த மாமி பார்த்து முடிக்கட்டும், அப்பறம் உங்க பரிசோதனையை வெச்சுக்கோங்கோ" என்றாள் சுப்புலக்ஷ்மி.

"அசடே, ஒரே ஒரு காப்பியை வெச்சுண்டு யாராவது நிம்மதியாத் தூங்குவாளா? பேக்கப் வேண்டாமோ?"

"நான் தூங்கிண்டுதான் இருந்தேன், நீங்க எழுப்பற வரைக்கும்."

கேட்டாரா? வெள்ளைக்காரன் எழுதிய மென்பொருளாக இருந்தாலும் ராகுகாலம் கழித்துத்தான் தொடுவார். காத்திருந்து, கைகால் அலம்பி, விபூதி இட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எந்தக் காரியத்துக்கும் முதலில் பிள்ளையார் சுழி போட்டாக வேண்டுமே, காகிதம் இல்லை என்பதற்காகச் சம்பிரதாயத்தை விடமுடியுமா? சிடியின் மேல்பக்கம் வழுவழுவென்று வெறுமையாக இருந்தது. பால்பாயிண்ட் பேனாவை எடுத்து "உ" என்று போட்டார். மை பிடிக்கவில்லை. மறுபடி போட்டார். பிடிக்கவில்லை. விக்னேசுவரருக்கே விக்னமா என்று ரோஷம் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தி, உளி கொண்டு செதுக்குகிறவர் போல ஒரு சுழி போட்டுக் கோடும் இழுத்துவிட்டு, திருப்தியாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நகல் எவ்வளவு முடிந்தது என்று காட்டுகிற பட்டை நகர்ந்தது. பாதி தூரம் போனது. நின்றது. இதற்கு மேல் படிக்கமுடியவில்லை என்று திரையில் ஒரு அறிவிப்பு வந்தது. வேறு யாராக இருந்தாலும் பதறிப்போய்ச் சிடியை வெளியே எடுத்திருப்பார். நம் ஆள் நாற்காலியை விட்டு எழுந்து குதித்தார்.

"சுப்பு! பக் கிடைச்சுடுத்துடீ!"

சந்திரமௌலிக்குப் பக் கிடைத்தது. சமையலறையில் இருந்த சுப்புலக்ஷ்மிக்குப் பக்கென்றது.

"சிடிக்கு ஒண்ணும் ஆகலையே?"

"சிடிக்கு என்ன? கல்லு மாதிரி இருக்கு. மென்பொருள்லேதான் கோளாறு" என்று சொல்லிவிட்டு, இண்டர்நெட் கிடைக்கிறவரை போனைச் சுழற்றி, கம்பெனிக்கு நீண்ட ரிப்போர்ட் ஒன்று அனுப்பினார். கடைசியில் தன் பெயரை எப்படிப் பிழையில்லாமல் எழுதவேண்டும் என்றும் தெரிவித்திருந்தார். சிடியைப் பிளேயரில் ஒருமுறை போட்டுப் பார்க்கத் தோன்றியதா என்று கேட்காதீர்கள். பக் கிடைத்தவனுக்கு அதெல்லாம் தோன்றுமா?

ஞாயிற்றுக்கிழமை அடையாற்றில் சம்பந்தி வீட்டு ஹால் நிறைய ஜனம். நடுவே நிரஞ்சனின் அம்மா, கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, கல்யாணத்துக்கென்று எடுத்து ஒருமுறைகூடக் கட்டாமல் வைத்திருந்த மயில்கழுத்துப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூவோடு உட்கார்ந்திருந்தாள். கையில் அட்சதை.

"அட்சதை எதுக்கும்மா?" என்றான் நிரஞ்சன்.

"டிவியானா என்னடா? ஆசீர்வாதம் ஆசீர்வாதம்தான்."

காசியாத்திரை வந்தது. ஊஞ்சல் வந்தது. கன்னிகாதானம் வந்தது. சாஸ்திரிகள் விரலை உயர்த்தி "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்றார். நிரஞ்சன் திருமாங்கல்யத்தைக் கையில் எடுத்தான். அந்த அம்மாளுக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது, கை அட்சதையோடு உயர்ந்தது. நாயனம் "பீ" என்று ஒரு கீச்சுக் கீச்சி விக்கியது. மணமகன் சதுரம் சதுரமாக உடைந்தான். படம் ஒரு தவ்வு தவ்வியது. அதற்குள் அட்சதையும் பறந்துவிட்டது. அது திரையில் போய் விழுந்த இடத்தில், பந்தியில் சப்பணமிட்டு உட்கார்ந்து, புறங்கையில் வழிந்த பாயசத்தை நக்கிக்கொண்டிருந்தார் சந்திரமௌலி.

யாரும் சிரிக்கவில்லை. பின்னால் ஓட்டினார்கள், முன்னால் ஓட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் தாலியை எடுத்தான், ஒவ்வொரு தடவையும் பாயசம்தான் வந்தது. நிரஞ்சன் சிடியை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். நடுத்துளைக்கும் விளிம்புக்கும் இடையே பளிச்சென்று ஒரு "உ" வழியாக வெயில் உள்ளே வந்தது.

"மாமா, இது என்ன?"

"பிள்ளையார் சுழி" என்றார் சந்திரமௌலி.

"மேல்பக்கத்துக்கு அடியிலேதான் மாமா எல்லாம் பதிஞ்சிருக்கு. நீங்க தாலி கட்டின இடத்தைச் சுரண்டிட்டேள்."

ஓடிப்போய் பஞ்சாட்சரத்துக்குப் போன் போட்டார்கள். "இன்னா சார், வெளையாட்றியா? நீதான கூவத்துல போடுன்னே! அந்த டேப்புல வேற ஒரு வூட்டு வளைகாப்பு எட்த்து அவங்களாண்ட குட்த்தாச்சு" என்றான் அவன்.

அந்த அம்மாள் ஒருவரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மடியில் சிதறியிருந்த மிச்ச அட்சதையை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டே, "எனக்குக் கொடுத்துவெக்கலை, அவ்வளவுதான்" என்றாள். மதுவந்தி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கழுத்திலிருந்த தாலியை எடுத்து அவள் கையில் வைத்து அழுதாள். சுப்புலக்ஷ்மிக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்றிருந்தது. எல்லோரும் சந்திரமௌலியைப் பார்த்தார்கள். ஒரு மன்னிப்பு, ஒரு "ஐயோ", ஏதாவது ஒன்று வரும் என்று காத்திருந்தார்கள். அவர் முகம் வெளிறிப்போய்த்தான் இருந்தது. மாப்பிள்ளையிடம் தழுதழுத்த குரலில் கேட்டார்:

"அப்போ... அது பக் இல்லையா?"

அதற்கப்புறம் சுப்புலக்ஷ்மி அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அவர் அதைக் கவனித்தாரா என்பது சந்தேகம். கீறல் விழுந்த சிடியைக்கூடப் படித்துவிடுமாம், புது பீட்டா ஒன்று வருகிறதாம், அதற்காகக் காத்திருக்கிறார்.

போகட்டும், பாவம். உங்களை ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். அந்த அம்மாள் மடியில் அட்சதை பொறுக்கிக்கொண்டிருந்தாளே, அப்போது உங்கள் மனசில் என்ன ஓடியது? "ஐயோ பாவம்" என்றா? இல்லை, "கீறலில் கொஞ்சம் பற்பசையைத் தடவி மெல்லத் துணியால் துடைத்துப் பார்த்திருக்கலாமே" என்றா? பற்பசை என்றால் சரிதான், நீங்களும் அந்த இனம்தான், புரிந்துவிட்டது. எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அவசியம் வாருங்கள், இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சிடி மட்டும் கேட்காதீர்கள்.