செவுள் தூக்கிப் பார்த்த ரேடியோ

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்துமூன்றில், யுத்த காலத்தில், மயிலாப்பூரில் சர்க்கரை கிடைக்கவில்லை, மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. ஆனால் பத்தாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் புருஷனின் குரல் தாராளமாகக் கிடைத்தது. கச்சேரி ரோட்டில் ஸ்ரீலஸ்ரீ வானொலியானந்த சுவாமிகள் ஒரு ரேடியோப் பெட்டியோடு எழுந்தருளியிருந்தார். பெயரைச் சொன்னால் போதும். ஆண்பிள்ளை எந்த நாட்டில் இருந்தாலும் பெட்டிக்குள் வந்து காதல் பேசுவான். கூட்டம் லஸ் வரை நின்றது. டிராம் கண்டக்டர், "ரேடியோ சாமியெல்லாம் இறங்கு!" என்று கத்த ஆரம்பித்தார். வரிசையில் நிற்கும்போதே ஒருத்திக்குத் தலை நரைத்துப்போயிற்று. இது குறைத்துச் சொன்ன கணக்கு.

சாந்தோம் குப்பத்து மீன்காரி தேசம்மாவும் அந்த வரிசையில் நின்றாள். அவளைக் கட்டிக்கப்போகும் மரியசெல்வம் எகிப்தில் பட்டாளத்து லாரி ஓட்டுகிறான். போகும்போது விரலில் ஒரு மோதிரமும் கையில் ஓர் ஆட்டுக்குட்டியும் கொடுத்துவிட்டுப் போனான். நாற்பது நாளாகக் கடுதாசி இல்லை. "வெள்ளிக்கிழமைக்குள் ஒரு எகிப்துக்காரி அவனை வளைத்துவிடுவாள். மோதிரத்தை என் ஏரியலில் கட்டினால்தான் தடுக்கலாம்" என்று சுவாமிகள் போன வாரமே சொல்லிவிட்டார்.

முன்னால் காமாக்ஷி மாமி. தில்லியிலிருந்து குரல் வந்தது: "கண்மணி! உன்னை நினைத்து உருகுகிறேன்!" பிறகு ஓர் இருமல்.

அடுத்து கமர் ஜஹான். பாஸ்ராவிலிருந்து: "கண்மணி! உன்னை நினைத்து உருகுகிறேன்!" அதே இருமல்.

"எங்காத்துக்காரருக்கு இருமலே கிடையாதே!" என்றார் மாமி.

"ஆகாசத்தில் ஈரம் ஜாஸ்தி, அம்மா" என்றார் சுவாமிகள்.

"எங்க வூட்டுக்காரரு உருதுலதானே பேசுவாரு?" என்றாள் கமர் ஜஹான்.

"வானத்தில் பாஷை ஏது?"

ஆகா! கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

தேசம்மா மோதிரத்தைப் பாதி கழற்றியபோது, "கண்மணி!" என்றது பெட்டி. அவளுக்குச் சுருக்கென்றது. ஆசை பொங்கினால் மரியசெல்வம் "ஏ வவ்வாலு" என்பான். கோபம் வந்தாலும் அதேதான். கண்மணியாவது, மண்ணாவது!

மோதிரத்தைத் திரும்ப விரலில் தள்ளினாள்.

"சாமி, மோதிரம் அப்பால. எகிப்துல இன்னொருத்தர் கீறாரு. பேரு மண்ணாங்கட்டி. அவருக்கும் எம்மேல உசுரு. கொஞ்சம் இட்டாங்க."

"அடி ஆத்தாடி!" என்றது கூட்டம். சுவாமிகள் பெட்டியின் குமிழைத் திருகினார்.

"கண்மணி! மண்ணாங்கட்டி பேசுகிறேன்! பாலைவனத்தில் உன்னை நினைத்து உருகுகிறேன்!" இருமல்.

"இன்னா மண்ணாங்கட்டி, துன்னியா?"

"உன் நினைவில் சோறே இறங்கவில்லை, கண்மணி!"

தேசம்மா வாசல் பக்கம் திரும்பி, "டேய் மண்ணாங்கட்டி!" என்று கூப்பிட்டாள்.

"மே!" என்றது அவளுடைய ஆடு. கொடியில் காய்ந்த சுவாமிகளின் காவி வேட்டியில் பாதி அதன் வயிற்றில் இருந்தது.

"அது... பூர்வஜன்மத்து..." என்று இழுத்தார் சுவாமிகள்.

"நவுரு நைனா! செவுளைத் தூக்கிப் பாக்காம மீனு வாங்கறவ இல்ல நானு."

பெட்டியின் முதுகுப் பலகையைத் தூக்கினாள். உள்ளே வால்வு இல்லை, கம்பி இல்லை. ஒரு ரப்பர் குழாய், பின்னாலிருந்த ஓலைத் தட்டிக்குள் போயிற்று. வலை இழுத்த கை, ஒரே இழுப்பு. தட்டியோடு வந்து விழுந்தார் சீடர் முருகையன். கையில் தகரப் புனல், வாயில் போண்டா. இருமினார். மூன்று தேசத்து இருமல்!

"இதுக்கா என் ஒட்டியாணத்தைக் கழட்டிண்டே, கடங்காரா!" என்று மாமி பாய்ந்தார். கட்டியிருந்த வேட்டி மாமி கையில் நிற்க, சுவாமிகள் ஓடுகிற டிராமில் கோவணத்தோடு தொற்றினார்.

மறுநாள் கடுதாசி வந்தது. பட்டாளத்து சென்சார் கறுப்பு மை பூசியது போக ஒரே வரி மிச்சம்: "ஏ வவ்வாலு, மண்ணாங்கட்டி துன்னானா?"

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அன்று சாயங்காலமே கூட்டம் தேசம்மா வாசலில். பொய்யைக் கண்டுபிடித்த ஞான ஆடாம்! மாலை போட்டு, சூடம் காட்டி, புருஷன் எப்போது வருவான் என்று ஆட்டைக் கேட்டார்கள்.

மண்ணாங்கட்டி மாலையை முகர்ந்தது. வாடின பூவைத் துப்பிவிட்டு, நல்ல பூவை மட்டும் தின்றது. விழுங்குமுன் சோதித்துப் பார்க்கும் புத்தி ஆட்டுக்கு இருக்கிறது. மாலை போட்டவர்களே, உங்களுக்கு?