டிரம்முக்குப் பூட்டு

எனக்குப் பொறுமை கிடையாது. சட்டியில் ஆவி வருமுன்பே இட்லி வெந்ததா என்று திறந்து பார்க்கிற ரகம். (வீட்டில் கேட்டால் இன்னும் நிறையச் சொல்வார்கள், கேட்காதீர்கள்.) இப்படிப்பட்டவன் தொடவே கூடாத தொழில் ஆக்டிவேட்டட் கார்பன். அதைத்தான் தொட்டேன்.

செட்டிகுளம் பக்கம் எங்கள் ஊரில் மக்காச்சோளம் உதிர்த்த கட்டை மலைபோல் குவிந்து கிடக்கும். அதை டிரம்மில் அடைத்து, மூடியைச் சேற்றால் பூசி, அடியில் தீ மூட்டினால் கரியாகும். அந்தக் கரியை நீராவியில் பதப்படுத்தினால் தண்ணீரைச் சுத்தம் செய்யும் கார்பன். ஆறும்வரை மூடியைத் திறக்கக் கூடாது, காற்றுப் பட்டால் பற்றிக்கொள்ளும். அவ்வளவுதான் வித்தை.

பெரம்பலூரில் கேன் தண்ணீர் கம்பெனி வைத்திருப்பவர், கரியைப் பார்க்க மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்தார். பிடித்தால், அதைப் பதப்படுத்தி வரும் கார்பனை மாசாமாசம் அவரே எடுத்துக்கொள்வார். பிடிக்கவில்லையா, நான் கோபித்துக்கொண்டு விட்டுவந்த சிமெண்ட் ஆலை ஷிப்டுக்கே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போகவேண்டும்.

காலையில் தீயை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை. டிரம்மைச் சுற்றினேன். காதை வைத்துக் கேட்டேன் (சுட்டுவிட்டது).

"என்னங்க, பிரசவமா பாக்குறீங்க? வந்து சாப்புடுங்க" என்றாள் என் மனைவி செல்வி.

"ஒரே ஒரு தரம் பாத்துடறேனே."

"தொறந்தீங்கன்னா அத்தனையும் போயிடும், சொல்லிட்டேன்!"

அவள் உள்ளே போனதும் கடப்பாரையால் மூடியை இத்தனூண்டு நெம்பினேன். கரி கருகருவென்று அழகாக இருந்தது. மூடிவிட்டுப் போய்ச் சோற்றில் கை வைத்தேன். ஒரு வாய் இறங்கவில்லை, திரும்ப ஓடினேன். இடுக்கில் ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. என்னவென்று பார்க்கவேண்டாமா? மூடியை முழுசாகக் கழற்றினேன். குப்பென்று பற்றிக்கொண்டது. ஐயோ என்று அலறி, குடத்தைத் தூக்கிக் கவிழ்ப்பதற்குள் பாதி எரிந்துவிட்டது. கொட்டிய தண்ணீரில் ஆவியும் சாம்பலும் சேர்ந்து எழும்பி என்மேல் விழுந்தன. மீசையில் பாதியைக் காணோம்.

அந்த நேரம் பார்த்துத்தானா கம்பெனிக்காரர் வந்து வண்டியை நிறுத்தவேண்டும்! டிரம்மைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தம்பி, இது பாத்திரம் தேய்க்கத்தான் ஆவும்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. செல்விதான் முன்னால் வந்தாள்.

"இன்னொரு டிரம் போடறோம்ணே. இந்தவாட்டி இவர செந்துறைக்கு, எங்கம்மா வூட்டுக்கு அனுப்பிட்டுப் போடறேன்."

அப்படித்தான் நடந்தது. மாமியார் வீட்டில் நான் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தபோது, இங்கே கரி அருமையாக வந்தது. அவரும் எடுத்துக்கொண்டார். சிமெண்ட் ஆலை பிழைத்தது.

இன்றைக்கும் எங்கள் டிரம்மில் பூட்டு தொங்குகிறது. சாவி செல்வியின் இடுப்பில். பார்க்க வருகிறவர்கள், "கரியக்கூடவா திருடறாங்க?" என்று கேட்பார்கள்.

"திருடனுக்கு இல்லீங்க," என்பாள் அவள். "மொதலாளிக்கு."