ஸ்டியரிங் மாமா வாங்கிய மலை சைக்கிள்

கடலூர் மாவட்டத்தில் சொல்லிக்கொள்கிறாற்போல ஒரு மலை இல்லையே என்று மனதார வருந்திய ஒரே மனிதர் ஸ்டியரிங் மாமாதான். மற்றவர்களுக்குப் புயல், வெள்ளம், கரண்ட் கட் என்று வருந்த எத்தனையோ இருந்தன. அவருக்கு மலை ஒன்றுதான் குறை. கேப்பர் மலை இருக்கிறதே என்று கடலூர்க்காரர்கள் என்மேல் கோபித்துக்கொள்ள வேண்டாம். கடைசியில் நாங்களும் அந்தச் செம்மண் மேட்டுக்குத்தான் போனோம்.

மஞ்சக்குப்பத்தில் நான் குடியிருந்த தெருவில் கடைசி வீடு அவருடையது. சொந்தப் பெயர் என்ன என்று தெருவில் யாருக்கும் தெரியாது. ரேஷன் கடையில்கூட ஸ்டியரிங் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். கடலூருக்கும் குறிஞ்சிப்பாடிக்கும் ஓடும் ஒரு தனியார் பஸ்ஸின் டிரைவர். தன்னைவிட இளைய ஆண்கள் எல்லோரும் அவருக்கு மச்சான். அதனால் அவர் தெருவுக்கே மாமா. காலால் நடந்து போகும்போதும் அவர் பஸ்தான் ஓட்டினார். முனை வந்தால் இரண்டு பக்கமும் கண்ணாடி பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுத் திரும்புவார். பின்னால் யாராவது வேகமாக வந்தால் ஓரம் ஒதுங்கி, வலது கையை வெளியே நீட்டி, முந்திப் போகச் சொல்லி ஆட்டுவார்.

ஒருநாள் குறிஞ்சிப்பாடிக்குக் கொஞ்சம் முன்னால் ஓட்டிக்கொண்டிருந்தபோதே அவருக்கு நெஞ்சு வலி வந்தது. பிரேக்கை மிதித்திருக்கிறார். காலில் வலுவில்லை. பஸ் மெல்ல ரோட்டை விட்டு இறங்கி, அறுவடையான வயலில் போய்ப் புதைந்து நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மடியில் முட்டைத் தட்டு வைத்திருந்த ஒருவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிப் போனார் என்று கண்டக்டர் சொன்னார். ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். இனி பஸ் ஓட்டக் கூடாது, மேடு ஏறக் கூடாது, மூச்சு வாங்குகிற வேலை எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலாளி ஒரு தொகையைக் கொடுத்து, ஒரு சால்வையும் போர்த்தி அனுப்பினார்.

இதயம் கெட்டுப்போனதில் மாமாவுக்கு வருத்தமே இல்லை. அவரை அரித்தது வேறு. யார் பார்க்கப் போனாலும், ஆப்பிளை வாங்கி வைத்துக்கொண்டு, பேச்சுக்கு நடுவில் திடீரென்று சொல்வார்.

"மிதிச்சன் மச்சான். நிக்கல."

அவ்வளவுதான். பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். நாற்காலியில் இருந்தபடியே இடது கை தானாகக் கியர் மாற்றிக்கொண்டிருக்கும். ரிவர்ஸ் கியருக்கு மட்டும் கொஞ்சம் முக்குவார். நாங்கள் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வருவோம்.

அவர் மனைவி செல்வி அக்கா ஒருநாள் என்னைத் தெருக்குழாய் அருகே நிறுத்தினார்.

"ஹார்ட்டு சரியாயிடுச்சின்னு டாக்டரு சொல்றாரு தம்பி. இவருதான் சரியாவல. சோறு எறங்க மாட்டேங்குது. அத்தினி பேர ஏத்திக்கினு நிறுத்த முடியாமப் போச்சேன்னு அதயே நெனச்சிக்கினு கெடக்கறாரு. இப்பிடியே போனா எனக்கு இவரு இருக்க மாட்டாரு."

அந்த வாரக் கடைசியில் மாமாவே என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கையில் அக்காவின் போன். அதில் ஒருவன் தலையில் பானை மாதிரி ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, ஏதோ ஒரு வெளிநாட்டு மலையிலிருந்து சைக்கிளில் தலைகுப்புற இறங்கிக்கொண்டிருந்தான்.

"பாத்தியா? பெடலயே மிதிக்கல. இவனுக்கும் டாக்டரு வேணாம்னு சொல்லியிருப்பாரு."

"அது டவுன்ஹில் சைக்கிள் மாமா. அது ஒரு போட்டி."

"போட்டிய வுடு. பிரேக்கு எங்க இருக்கு பாரு. கையில. காலுல இல்ல." தன் வலது காலை வேண்டாத விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "இத இனிமே நான் நம்பறதில்ல. கை நல்லா இருக்குது."

"பிரேக் பிடிக்கணும்னா சாதாரண சைக்கிளே போதுமே. நம்ம தெருவுலயே ஓட்டலாமே."

"தரையில நிக்கிறது ஒரு பெரிய விஷயமா? சும்மா வுட்டாலே தானா நிக்கும். எறக்கத்துல நிக்கணும் மச்சான். எறங்கிக்கினே இருக்கறப்ப, நான் புடிச்சா நிக்கணும்."

மறுநாளே அவரோடு கடைக்குக் கிளம்பினேன்.

சைக்கிள் தேடும் படலம் தொடங்கியது. முதலாளி கொடுத்ததில் மாத்திரைக்கும் மகளின் காலேஜ் செலவுக்கும் அக்கா எடுத்து ஒளித்தது போகக் கொஞ்சம்தான் மீதி இருந்தது. அசல் டவுன்ஹில் சைக்கிள் புதிதாக வாங்குகிற விலைக்கு ஓடுகிற நிலையில் ஒரு பழைய கார் கிடைக்கும். அந்தக் கார் அவருக்கு வேண்டாம், அதிலும் பிரேக் காலில் இருக்கிறது.

கடலூரில் முதல் கடையில் பளபளவென்று ஒரு கியர் சைக்கிளைக் காட்டினார்கள். முன்னால் ஸ்பிரிங், பின்னால் ஸ்பிரிங், நெருப்பு மாதிரி ஸ்டிக்கர். மாமா ஸ்டிக்கரைப் பார்க்கவே இல்லை. ஒரு சாக்கு கேட்டு வாங்கித் தரையில் விரித்து, மல்லாக்கப் படுத்து, சைக்கிளுக்கு அடியில் தலையை நுழைத்தார். பஸ்ஸுக்கு அடியில் பார்த்துப் பழகியவர். சைக்கிளை நின்றபடியே பார்க்கலாம் என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. பிறகு எழுந்து ஹேண்டில்பார்மேல் மொத்த உடம்பையும் சாய்த்தார். ஸ்பிரிங் ஒரு முறை அமுங்கியது. மேலே வரவில்லை.

"ஸ்டியரிங்ல பிளே இருக்குது, லொடலொடன்னு ஆடுது. பிரேக்கு கம்பியிலதான் போவுது, ஆயில்ல போவல. இந்த ஸ்பிரிங்கு போட்டோ புடிக்கறதுக்கு வெச்சது."

கடைக்காரர் பொறுமைசாலி. "சார், நம்ம ஊருக்கு இதுவே ஜாஸ்தி. எங்க ஓட்டப் போறீங்க?"

"மலையில."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கடை வாசலில் தொங்கிய டியூப்களைப் பார்த்தேன்.

இப்படியே திருப்பாப்புலியூர் கடைத்தெரு முழுக்கப் படுத்து எழுந்தோம். ஒரு கடையில் சாக்கு தர மாட்டேன் என்றார்கள். அடுத்த நாளிலிருந்து மாமா தன் சாக்கைத் தானே கொண்டுவந்தார். போகப் போக அவருக்கு ஒரு கொள்கை பிடிபட்டது. காசு குறைவாக இருந்தால் பிரேக்கைப் பார், முன் ஃபோர்க்கைப் பார், டயரைப் பார். கியரும் கலரும் பாழாகப் போகட்டும். புதிய மட்டமானதைவிடப் பழைய நல்லதே மேல். இதைத் தெருவில் எல்லோரிடமும் சொன்னார். எதிர்வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டுப் பழைய கிரைண்டர் ஒன்றை வாங்கினார். அது இன்னும் ஓடுகிறது.

பழைய நல்லது சிதம்பரத்தில் கிடைத்தது. அங்கே விவசாயம் படிக்க வந்திருந்த மாணவர் ஒருவர். வடகிழக்கே எங்கோ மலை ஊர்க்காரர். தமிழ்நாடு என்றால் ஊட்டி என்று நினைத்துக்கொண்டு, அசல் டவுன்ஹில் சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கியவர். சிதம்பரத்திலிருந்து நாலு திசையும் பார்த்திருக்கிறார். வயல், வயல், வயல், கடல். படித்த காலம் முழுவதும் சைக்கிள் ஹாஸ்டல் சுவரிலேயே தொங்கியது. படிப்பு முடிந்து ஊருக்குப் போகுமுன் அதை விற்க இணையத்தில் போட்டிருந்தார்.

மாமா சாக்கை விரித்துப் படுத்தார். அந்த மாணவருக்கு அது விநோதமாகவே படவில்லை. அவரும் பக்கத்தில் வெறும் தரையில் படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டினார். மெஸ்ஸில் கற்ற தமிழ் அவருடையது.

"இது எண்ணெய் பிரேக் மாமா. ரெண்டு விரல் போதும்."

"ரெண்டு விரலா?"

"ரெண்டு விரல்."

மாமா எழுந்து, ஹாஸ்டல் வராந்தாவில் சைக்கிளை உருட்டி, இரண்டு விரலால் பிடித்தார். நின்றது. கொஞ்சம் நகர்த்திவிட்டு மறுபடியும் பிடித்தார். நின்றது. அவர் முகத்தை நான் அப்போது பார்த்திருக்கக் கூடாது. ஒரு நல்ல செய்திக்காக ரொம்ப நாள் காத்திருந்தவருடைய முகம் அது.

கையில் இருந்த பணம் விலைக்குக் கொஞ்சம் குறைந்தது. மாணவர் அதைப் பொருட்படுத்தவில்லை. "எந்த மலையில் ஓட்டுவீங்க?" என்று மட்டும் கேட்டார். கேப்பர் மலையின் உயரத்தை மாமா சொன்னார். மாணவர் கண்ணியமானவர், சிரிக்கவில்லை. பரங்கிப்பேட்டையிலிருந்து திரும்பிய ஒரு மீன் வண்டியில் சைக்கிளைக் கடலூருக்குக் கொண்டுவந்தோம். ஒரு வாரம் எங்கள் தெருப் பூனைகள் எல்லாம் ஸ்டியரிங் மாமா வீட்டு வாசலில்தான் இருந்தன.

அக்கா சைக்கிளைப் பார்த்த மறுநாளே கிளம்பி நேராக டாக்டரிடம் போய்விட்டார். திரும்பி வந்து என்னிடம் சொன்னார். "மெதுவா எறங்கினா தப்பில்லியாம். ஏறத்தான் கூடாதாம். சைக்கிள மேல யாரு தள்ளுவாங்கன்னு கேட்டாரு. நான் தள்றன்னு சொல்லிட்டு வந்துட்டன்."

அடுத்த ஞாயிறு காலை போனோம். மாமா ஆட்டோவில் ஏறிக்கொண்டார். சைக்கிளின் ஹேண்டில்பார் அகலம், ஆட்டோவுக்குள் நுழையவில்லை. அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். செம்மண் பாதை. சமதரையில் வளர்ந்த எனக்குப் பாதி வழியிலேயே அது இமயமலை ஆகிவிட்டது. அக்கா ஒரு முறைகூட நிற்கவில்லை. மேலே மாமா, திறப்பு விழாவுக்கு வந்தவர் மாதிரி முந்திரி மர நிழலில் உட்கார்ந்திருந்தார்.

புது வண்டி என்றால் பூஜை போடாமல் எடுக்க முடியுமா? அக்கா சந்தனம், குங்குமம் வைத்தார். கற்பூரம் காட்டினார். இரண்டு டயருக்கு அடியிலும் ஆளுக்கொன்றாக எலுமிச்சம்பழம் வைத்தார். மலைப் பக்கத்து மனிதர்கள் யாரும் செய்யாத காரியம் அது. இறக்கத்தில் எலுமிச்சம்பழம் நிற்குமா? வைத்த கையை எடுத்ததும் இரண்டும் உருண்டு, எங்கள் கண்ணெதிரே மலையிறங்கிப் போய்விட்டன. மாமா அதை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டார். அக்கா அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. "நான் கீழ போயி நிக்கறன்" என்று அதே ஆட்டோவில் கீழே போய்விட்டார்.

மாமா ஏறி உட்கார்ந்தார். மாணவர் இலவசமாகக் கொடுத்த ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். இல்லாத கண்ணாடியில் பின்னால் பார்த்தார். பிறகு விட்டார்.

முதல் வளைவு வரை நன்றாகவே போனார். அதன்பின் வேகம் எடுத்தது. நான் நினைத்ததைவிட அதிகம். பின்னாலேயே ஓடினேன். இரண்டாவது வளைவில், தலையில் சுள்ளிக்கட்டோடு ஒரு பெண் பாதையோரம் நின்றிருந்தார். மலைப்பாதையில் பாய்ந்து வரும் இந்த உருவத்தைக் கண்டு பயந்து, வராதே என்கிறாற்போல் கையை நீட்டினார்.

பஸ் டிரைவர் முன்னால் கை நீட்டினால் என்ன நடக்கும்? மாமா நின்றார். சறுக்கவில்லை, சாயவில்லை. அந்தப் பெண்ணுக்கு நேர் எதிரே, படிக்கட்டு எங்கே இருக்க வேண்டுமோ அங்கே, ஒரு சாண்கூடத் தள்ளாமல் நின்றார்.

"எங்கம்மா போவணும்?"

"கீழதாங்க."

இந்தச் சைக்கிளில் கேரியர் கிடையாது. மாமா இறங்கினார். சுள்ளிக்கட்டை வாங்கி சீட்மேல் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அந்தப் பெண்ணோடு பேசியபடியே நடந்து இறங்க ஆரம்பித்தார். கட்டு விற்கிற இடம், முழங்கால் வலி, பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் விசாரித்தார். பிரேக்கை அவ்வப்போது இரண்டு விரலால் தொட்டுக்கொண்டார்.

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதைக் கீழிருந்து பார்த்த அக்கா, நெஞ்சுவலிதான் என்று நினைத்து, அழுதுகொண்டே மேலே ஓடிவந்தார். வந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கியது அக்காவுக்குத்தான்.

"என்னா ஆச்சி? வலிக்குதா? எங்க வலிக்குது?"

மாமா சுள்ளிக்கட்டை ஜாக்கிரதையாக இறக்கி வைத்துவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றினார். கண்ணெல்லாம் நனைந்திருந்தது.

"புடிச்சன் செல்வி. நின்னுச்சி."

அக்கா அவர் சட்டையை விட்டார். அந்தச் செம்மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் மாமாவும் உட்கார்ந்தார். அன்று மதியம் அவர் மூன்றாவது முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டதாக அக்கா சொன்னார்.

பிறகு எனக்கு மாற்றல் வந்து வேறு ஊருக்கு வந்துவிட்டேன். மாமா நன்றாக இருக்கிறார். எனக்குத்தான் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எந்த ஊரில் எந்த பஸ்ஸிலிருந்து இறங்கினாலும், முன்பக்கமாகப் போய், முன்பின் தெரியாத அந்த டிரைவரிடம் "போயிட்டு வரேன் மாமா" என்று சொல்லத் தோன்றுகிறது. சில நாள் சொல்லியும் விடுகிறேன்.