லாபம் சேரும் இலவசக் கப்புகளும்

மலிவாக வாங்கி வாங்கியே ஓட்டாண்டியான மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் லாபம் சேர்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தெரணியகலைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் நானும் அவரும் ஆசிரியர்கள்; அங்கே ஆசிரியரைச் 'சேர்' என்றுதான் கூப்பிடுவார்கள். இருவருக்கும் ஒரே குவார்ட்டர்ஸ், ஒரே அடுப்பு. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வியாபாரிகள் மலிவு மலிவு என்று சிங்களத்தில் "லாபாய்! லாபாய்!" எனக் கூவினால், என்ன விற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் ஓடுவார். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர் அது. பிள்ளைகள் மட்டுமல்ல, பாடசாலை அதிபரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்.

சமையல் என் பொறுப்பு, சாமான் வாங்குவது அவர் பொறுப்பு. எந்த நேரத்தில் இந்த ஏற்பாட்டுக்குத் தலையாட்டினேனோ தெரியாது. ஒருநாள் வெங்காய மூட்டையோடு வந்து இறங்கினார்.

"ரெண்டு பேருக்கு எதுக்கு சேர் ஒரு மூட்டை?"

"கிலோ கணக்குல வாங்குறவன் ஏமாளிங்க. மூட்டையா எடுத்தா எவ்வளவு மிச்சம் தெரியுமா?"

எங்கள் பக்கத்து மழையைத்தான் உங்களுக்குத் தெரியுமே. நாலாம் நாளே மூட்டை அழுகத் தொடங்கிவிட்டது. அழுகுவதற்குள் தின்று தீர்ப்பதென்று வெங்காயச் சம்பல், வெங்காயக் குழம்பு, வெங்காய ரொட்டி என்று போட்டுத் தாக்கினோம். நாங்கள் வருவதற்கு முன்பே வகுப்பு எழுந்து நின்றது. வாசம் முந்திக்கொண்டு போய்விடும்.

தெரணியகலையில் தேங்காய் விலை கூட என்று மூன்று பஸ் மாறிப் பெல்மதுளைக்குப் போய் வாங்கி வருவார். பஸ் காசைச் சேர்த்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"அது போக்குவரத்துச் செலவு சேர். தேங்காய்க் கணக்குல அதை எதுக்குப் போடுறீங்க?" என்று என்னை ஒன்றும் தெரியாதவனைப் போலப் பார்த்தார்.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது சப்பாத்து. அவருடைய கால் ஆறாம் நம்பர். கடையில் ஆறும் எட்டும் ஒரே விலை. எட்டை வாங்கி வந்தார். "எட்டுல தோல் கூட இருக்குல்ல சேர்? அதே காசுதானே?" முன்னால் பத்திரிகைத் தாளை அடைத்துக்கொண்டு, மழை நாளில் 'சளக் சளக்' என்று அவர் மலையேறி வருவது தோட்டத்தின் அடுத்த டிவிசனுக்குக் கேட்கும்.

அப்புறம் வந்தது கப். பால்மா பெட்டி ஒன்று வாங்கினால் சிவப்பு பிளாஸ்டிக் கப் ஒன்று இலவசம் என்று ஏதோ ஒரு கம்பனி அறிவித்துவிட்டது. மனிதர் பைத்தியமாகிப் போனார். சம்பள நாளில் பெட்டி பெட்டியாகச் சுமந்து வந்தார். ஜன்னல், அலமாரி, கட்டிலுக்கு அடியில் என்று எங்கே கையை விட்டாலும் சிவப்புக் கப். ஆனால் மறுநாளே பெட்டிகளைக் காணோம். நான் குடித்ததோ பாலில்லாத வெறும் பிளேன்டீ.

"பால்மா எங்க சேர்?"

"அது பத்திரமா இருக்கு" என்பார். அதற்குமேல் வாயைத் திறக்க மாட்டார். எங்கேயோ விற்கிறார் என்றுதான் நினைத்தேன்.

இப்படிப்பட்டவருக்குக் காதல் வந்தது. தாய்மார் கொழுந்து பறிக்கவும் ரப்பர் பால் வெட்டவும் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில் சரோஜா டீச்சர் இருந்தார். லாபம் சேர் சாப்பாட்டைக் குறைத்தார், தூக்கத்தில் பெருமூச்சு விட்டார். தூது போகச் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். "இது மட்டும் கெடைக்காட்டி நான் வேற ஒண்ணும் வாங்க மாட்டேன் சேர்" என்றபோது கண் கலங்கியிருந்தது. சிரிக்க வந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சரோஜாவின் அம்மா எடுத்த எடுப்பில் மறுத்துவிட்டார். "சேர், கோவிச்சுக்காதீங்க. கஞ்சனுக்குப் புள்ளய குடுத்தா தண்ணியையும் அளந்துதான் ஊத்துவாரு." கெஞ்சிக் கூத்தாடி, ஒருமுறை வீட்டையாவது வந்து பாருங்கள் என்று சம்மதிக்க வைத்தேன்.

நாலு பேர் வருவார்கள் என்று பார்த்தால் வரிசை வீடுகளில் இருக்கும் அத்தனை பேருமாக ஒரு லயமே வந்தது. வழக்கத்துக்கு மாறாகச் சரோஜாவும் வந்திருந்தார். "இருக்கப்போறது நான்தானே" என்றாராம். லாபம் சேரின் முகத்தில் ரத்தமில்லை. ஆனால் ஒன்று, அத்தனை பேருக்கும் கப் இருந்தது! எல்லாம் ஒரே சிவப்பு. தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்தோம்.

அம்மா கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இம்புட்டு கப்பு ஏதுங்க?"

"எல்லாம் சும்மா கெடச்சதுங்கம்மா. பால்மா பெட்டி ஒண்ணுக்கு ஒரு கப்பு" என்றார் இவர், நெஞ்சை நிமிர்த்தி.

அம்மா கப்புக்குள்ளே பார்த்தார். கறுப்பாகப் பிளேன்டீ. "அப்ப பால்மா எங்கங்க?"

லாபம் சேர் வாசலில் கிடந்த தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காரியம் கெட்டது என்று நான் முடிவுகட்டிவிட்டேன்.

"எங்கிட்டதாம்மா இருக்கு" என்றார் சரோஜா.

எல்லாரும் திரும்பினோம்.

"மாசாமாசம் பிள்ளைக்காம்பராவுக்குக் கொண்டாந்து குடுத்துருவாரு. கப்புதான் அவருக்கு லாபமாம். பால்மா இந்த ஈரத்துல கட்டியாப் போனா நட்டமாம், புள்ளைங்க குடிச்சா நட்டமில்லயாம்."

"அப்ப இவரு கஞ்சன் இல்லயா?"

"கஞ்சன்னா கையில காசு இருக்கணும்லம்மா? இவருக்கிட்ட கப்பு மட்டுந்தான் இருக்கு."

லயமே கொல்லென்று சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. லாபம் சேரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தேத்தண்ணியைக் குடித்து முடித்து, வெறும் கப்பை நீட்டி, "இன்னொரு கப்பு ஊத்துங்க மாப்ள" என்றார். லாபம் சேர் ஊற்றியதில் பாதி தேத்தண்ணி தரையில் போனது. அந்த நட்டத்தை அவர் கவனிக்கவே இல்லை.

கல்யாணத்துக்குப் பிறகு சாமான் வாங்கும் பொறுப்பு சரோஜாவுக்குப் போனது. வீட்டில் காசு மிஞ்சத் தொடங்கியது. எனக்குக் கொழும்புக்கு இடமாற்றம் வந்தபோது, நான் சமைத்த அந்த அடுப்படியில் நின்று நானும் லாபம் சேரும் அழுதோம்.

தோட்டத்துக்குக் கைத்தொலைபேசி வந்ததும் அவர் பழைய ஆளாகிவிட்டார். ஒரு ரிங் அடிக்கும், உடனே வெட்டிவிடுவார். நான்தான் திருப்பி எடுக்கவேண்டும். எடுத்தால் பிள்ளைகள், மழை, வெங்காய விலை என்று மனிதர் லேசில் வைக்கமாட்டார். சரோஜா பின்னாலிருந்து, "பாவம் அந்த சேர், அவரு காசு போகுது, வைங்க" என்று சத்தம் போடுவார்.

"கேட்டீங்களா சேர்? எனக்கு எவ்வளவு மிச்சம்!" என்று லாபம் சேர் சிரிப்பார்.

சில நாட்களில் அந்த ஒற்றை ரிங் வராவிட்டால், நானே அவரை அழைத்துவிடுகிறேன். காசு போவது என்னுடையதுதான். லாபமும் எனக்குத்தான்.