கை நனைத்த கறி ரொட்டி

பட்டாளத்தில் நான் சமையற்காரனாக இருந்தேன் என்று எங்கள் வட்டாரத்தில் இன்னும் சிலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் நான் அங்கே பாத்திரம் கழுவினேன். மூன்று வருஷம் கழுவினேன். நன்றாகவே கழுவினேன் என்பதை மட்டும் தற்பெருமை இல்லாமல் சொல்லிக்கொள்கிறேன்.

எல்லாம் என் கடிதங்களால் வந்த வினை. முதல் கடிதத்தில், சமையற்கட்டில் உத்தியோகம் என்று எழுதினேன். அது பொய்யில்லை. அடுத்ததில், வெள்ளைக்காரத் தொரைமார்கள் என் கையை நம்பித்தான் சாப்பிடுகிறார்கள் என்று எழுதினேன். (தட்டைக் கழுவியது என் கைதானே?) சண்டை ஓய்ந்து நான் எங்கள் ஊர் புதுச்சத்திரத்துக்கு வந்து சேர்வதற்குள், என் தாய்மாமன் அந்தக் கடிதங்களைக் காட்டியே சங்ககிரிப் பக்கம் எனக்குப் பெண் பேசி வைத்திருந்தார்.

பெண்ணின் பெயர் பாவாயி. அவளை ஒரே ஒரு தடவை கோயிலில் பார்த்தேன். அவள் என் பட்டாளத்து பூட்ஸைப் பார்த்துச் சிரித்தாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

இனிப் பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வரவேண்டும். இடம் பிடித்தால்தான் வந்தவர்கள் இலையில் உட்கார்ந்து கை நனைப்பார்கள். பிடிக்காவிட்டால் ஒரு சொம்பு மோரோடு, "போய்ச் சொல்லி அனுப்பறமுங்க" என்று கிளம்பிவிடுவார்கள். கை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குமேல் மாற்றிப் பேசுவது மரியாதை இல்லை.

அம்மா கோழி அடித்துக் குழம்பு வைப்பதாக இருந்தாள். நான் தடுத்தேன்.

"கோழிக்கொழம்பு எல்லா ஊட்லயுந்தான் வெக்கறாங்க. நான் தொரைங்க திங்கற கறி ரொட்டி செய்யறேன்."

"நெசமா உனக்கு வருமா சாமி?"

"மூணு வருசம் அங்க என்னத்தப் பண்ணீட்டிருந்தேன்னு நெனச்சே?"

அம்மா நம்பினாள். (பெற்றவள், வேறு வழியில்லை.)

கறி ரொட்டி என்பது கொத்துக்கறியைப் பிசைந்து, தகரப் பெட்டியில் அடைத்து, சூட்டில் வேகவைத்து, துண்டு போட்டுப் பரிமாறுவது. அதை நான் செய்ததில்லை. செய்யும்போது பார்த்ததில்லை. தின்றதும் இல்லை. தகரத்தின் மூலையில் ஒட்டிக்கொண்டு என்னிடம் கழுவ வந்ததைத்தான் எனக்குத் தெரியும். தினமும் சுரண்டிச் சுரண்டி, அதில் கறி, வெங்காயம், முட்டை, ரொட்டித்தூள் எல்லாம் இருப்பதாகக் கண்டுபிடித்திருந்தேன். அளவு மட்டும் சுரண்டலில் தெரியவரவில்லை. அது என்ன கறி என்று அங்கே யாரையும் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

இங்கே வெள்ளாட்டுக்கறி வாங்கிக் கொத்தினேன். ரொட்டித்தூளுக்கு எங்கே போவது? முந்தின நாள் கம்பஞ்சோறு மிச்சம் இருந்தது. அதுவும் தானியம், இதுவும் தானியம் என்று போட்டுப் பிசைந்தேன். இறுகிவிட்டது. முட்டை உடைத்து ஊற்றினேன். தளர்ந்துவிட்டது. மறுபடி கம்பஞ்சோறு, மறுபடி முட்டை. அம்மா கோழியை அடைகாக்க வைத்திருந்த முட்டைகளும் அதில் போயின. முடிவில் அது ஒரு கன்றுக்குட்டி படுத்திருக்கும் அளவுக்கு வந்து நின்றது.

அந்த அளவுக்கு எங்கள் வீட்டில் பெட்டி இல்லை. சீமெண்ணெய் டின் இருந்தது. கொல்லரிடம் கொடுத்து நெடுக்கே வெட்டி வாங்கி, சாம்பல் போட்டு ஏழு தடவை தேய்த்தேன். கழுவுகிற வேலையில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் டின்னின் மடிப்புக்குள் விரல் போகாது. உள்ளே இருந்த சீமெண்ணெய் சூடு ஏறும்வரை சும்மா இருந்தது. கீழே தணல், மேலே மூடிபோட்டு அதன்மேலும் தணல் என்று வைத்துவிட்டு, நான் மீசை ஒதுக்கப் போய்விட்டேன்.

பெண்ணின் அப்பா, பெரியப்பா, இன்னும் மூன்று பேர் கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அப்பா ஆறடி ஆள், அதிகம் பேசாதவர். கிணற்றை எட்டிப் பார்த்தார். மாட்டின் பல்லைப் பார்த்தார். பிறகு, "இலையப் போடச் சொல்லுங்க" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

டின்னை அவர்கள் முன்னாலேயே ஒரு பலகையில் கவிழ்த்தேன். வரவில்லை. தட்டினேன். வரவில்லை. மாமன் வந்து ஒரு குத்து விட்டார். தொப்பென்று விழுந்தது. மேலே கருகல். டின்னில் பொறித்திருந்த எழுத்துகள் கறியின்மேல் இடவலம் மாறிப் பதிந்திருந்தன. அரிவாளால் ஒரு துண்டு வெட்டி, பெண்ணின் அப்பாவுக்கு முதலில் வைத்தேன். மற்றவர்கள் இலையில் வாங்கிக்கொண்டு, அவர் ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்தார்கள்.

அவர் ஒரு வாய் போட்டார். தாடை நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக மறுபடி அசைந்தது.

"பட்டாளத்து மசாலுங்களா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பெரியப்பா தன் இலையை மோந்துவிட்டார்.

"என்றா இது, சீமெண்ணெ நாத்தமல்ல அடிக்குது! எந்திரிங்க, போலாம்."

பெண்ணின் அப்பாவைத் தவிர மற்ற நான்கு பேரும் எழுந்துவிட்டார்கள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையற்கட்டு வாசலில் நின்றாள். அவளை அப்படிப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. பாவாயி போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

"நான் சமையக்காரனில்லீங்க. பாத்திரந்தானுங்க கழுவுனேன். கடுதாசில எழுதுனதெல்லாம் பொய்யிங்க" என்றேன்.

பெண்ணின் அப்பா தன் கையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு வாயில் இருந்ததை விழுங்கினார். அது தொண்டையில் இறங்கிய இடமெல்லாம் எனக்கு வெளியிலிருந்தே தெரிந்தது.

"உக்காருங்கண்ணா. நான் கை நனச்சாச்சு" என்றார். பிறகு அம்மாவிடம், "சம்மந்தி, நானும் ஒன்னு மறச்சுட்டேனுங்க. எம்புள்ளைக்கும் சமைக்க வராதுங்க. அவ வெச்ச ரசத்த நாய்கூட மோந்து பாத்துட்டுப் போயிருமுங்க. இத எப்படிச் சொல்றதுன்னு வழியெல்லாம் ரோசன பண்ணீட்டே வந்தேன். ரண்டு பேருக்கும் சரியாப் போச்சுங்க" என்றார்.

அம்மா சிரித்துவிட்டாள். எல்லோரும் உட்கார்ந்து ரசமும் தயிருமாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். தை மாதம் கல்யாணம் நடந்தது.

பாவாயி எங்கள் வீட்டில் முதல் தடவை சமைத்த அன்று நான் மனதைத் திடப்படுத்திக்கொண்டு இலையில் உட்கார்ந்தேன். கோழிக்குழம்பு. ஒரு வாய் சாப்பிட்டேன். மூன்று தடவை சோறு வாங்கினேன்.

"யாரு வெச்சது?"

"நாந்தானுங்க."

"உனக்குச் சமைக்க வராதுன்னு உங்கப்பா சொன்னாரே?"

"எங்கப்பாவா? ஏனுங்க, எங்கூர்ல விருந்துன்னா கொழம்புக்கு உப்புப் பாக்க என்னையத்தானுங்க கூப்புடுவாங்க!" அவளுக்கு முகம் சுண்டிவிட்டது.

நடந்ததை முழுக்கச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு என் இலையில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

மாமனார் கடைசிவரைக்கும் அன்று சொன்னது பொய் என்று ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் மகள் வைத்த குழம்பை இலை வழியச் சாப்பிடுவார். கை கழுவிவிட்டு வந்து, அவள் காதில் விழும்படி என்னிடம் சொல்வார்:

"பாவம், எப்படியோ சமாளிச்சுக்குங்க மாப்பிள்ளை."

அவர் காலமாகி ரொம்ப வருஷமாகிறது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் விருந்தாளி யாராவது பாவாயியின் குழம்புக்காக இரண்டாம் தடவை சோறு கேட்டால், என் பிள்ளைகளில் ஒருவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "பாவம், எப்படியோ சமாளிச்சுக்குங்க" என்பார். விருந்தாளிக்கு ஒன்றும் புரியாது. பாவாயி மட்டும் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிப்பாள்.