ஆமை புகுந்த வீட்டில் ஒரு சொல்லாராய்ச்சி

பழமொழியைத் திருத்துவது பாம்பு பிடிப்பதைக் காட்டிலும் ஆபத்தான தொழில். இரண்டையும் செய்து பார்த்தவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன். (பாம்பு பிடித்தேன் என்பது சற்று மிகை. பாம்பு பிடித்தவருக்குப் பக்கத்தில் சாக்கின் வாயை விரித்துக்கொண்டு நின்றேன். அதுவும் கண்ணை மூடிக்கொண்டு.) ஆனாலும் பாம்புக்கு விலகிப் போகும் பண்பு உண்டு. பழமொழிக்கு அது கிடையாது.

சில ஆண்டுகளுக்கு முன், முதுகலைத் தமிழ் படித்துக்கொண்டிருந்த காலத்தில், ஆவடி வட்டாரத்து இளைஞர் குழு ஒன்றில் சேர்ந்திருந்தேன். சாரை, உடும்பு, கூகை, ஆமை என நம் மண்ணுக்குரிய எந்த உயிராயினும் அடிபட்டோ அகப்பட்டோ கிடந்தால், போய் எடுத்து, வனத்துறைக்குத் தெரிவித்து, மருத்துவம் பார்த்து, அது வாழ்ந்த இடத்திலேயே விடுவது எங்கள் பணி. ஓர் உடும்பு வாலைச் சுழற்றியதைக் கண்டு நான் ஓடிப்போய் ஆட்டோவுக்குள் உட்கார்ந்துகொண்ட நாளிலிருந்து, எனக்குச் சுவரொட்டி எழுதும் பொறுப்பை மட்டும் ஒதுக்கினார்கள். ‘ரெஸ்க்யூ’ என்ற சொல்லை என் பேனா எழுதுமா? ‘அஞ்சற்க. மீட்பர் வருவார். அழையுங்கள்’ என்று எழுதிக் கீழே குழுவின் தொலைபேசி எண்ணையும் போட்டு, பருத்திப்பட்டு முழுவதும் ஒட்டினேன். அந்த வாரம் வந்த அழைப்புகளில் பெரும்பாலானவை ஜெபக்கூட்டம் எந்தத் தெருவில் என்று கேட்டவை.

“மச்சான், ஒரு அம்மா போன்ல அழுவுது,” என்றான் குழுவை நடத்திவந்த என் நண்பன் பிரபு. “புள்ளைக்கு வேல கெடைக்கணுமாம். நான் இன்னா சொல்றது?”

இத்தகைய தகுதிகளோடு விளங்கிய என்னிடம்தான் என் அக்காவின் திருமணம் வந்து மாட்டிக்கொண்டது.

அக்கா கயல்விழியும் சரவணனும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரே நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள். ஒருவரையொருவர் விரும்பினார்கள். எங்கள் வீட்டில் அழுது, பட்டினி கிடந்து, சம்மதமும் வாங்கியாகிவிட்டது. (அழுதவள் அக்கா, பட்டினி கிடந்தவர் அப்பா, அம்மா சமைக்க மறுத்ததால்.) மீதியிருந்தது ஒரே ஒரு தடை. பெற்றோரை இழந்த சரவணனை வளர்த்தவர், குமணன்சாவடியில் இருக்கும் அவருடைய அத்தை சரோஜா அம்மாள். அவர் நேரில் வந்து, வீட்டைப் பார்த்து, பெண்ணின் தலையில் பூ வைத்தால் திருமணம் உண்டு. வைக்காமல் எழுந்து போய்விட்டால் இல்லை. அத்தையின் சொல்லைத் தாண்டித் தன்னால் எதுவும் செய்ய இயலாது என்று சரவணன் அக்காவிடம் முன்பே சொல்லியிருந்தார். அந்த அம்மாளோ சகுனம் பார்ப்பதில் பெயர் பெற்றவர். பூனை குறுக்கே போயிற்று என்று, பாதி வழி வந்த ஷேர் ஆட்டோவைத் திருப்பச் சொன்னவராம். உள்ளே இருந்த மற்றவர்களையும் சேர்த்து.

எங்கள் வீடு, அப்பா தொழிற்சாலையில் ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலிசெய்த பிறகு பருத்திப்பட்டு ஏரிக்கு அருகில் கட்டியது. அருகில் என்பது அப்பாவின் கணக்கு. மழைக்காலத்தில் ஏரியின் கணக்கு வேறு. கூடத்தின் ஒரு மூலையில் ஓதம் ஏறிச் சுவர் கரும்பச்சையாகியிருந்தது. அத்தை வருவதற்கு முந்தின நாள் அப்பா அதைச் சுரண்டி, வெள்ளையடித்து, அதற்கு முன்னால் சோபாவை நகர்த்திப் போட்டார். சோபாவின் மறுமுனையைப் பிடித்தவன் அடியேன்.

“அவங்க போற வரைக்கும் இந்த சோபாவ எவனும் அசைக்கக் கூடாது,” என்றார் அப்பா.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இரவெல்லாம் பெய்து காலையில் ஓய்ந்திருந்தது மழை. வாழையிலை வாங்கிவரச் சொல்லி அம்மா அனுப்பினார். ஏரிக்கரைச் சாலையின் நடுவில் சாப்பாட்டுத் தட்டளவில் ஓர் ஆமை; வழவழப்பான ஓடு, கூரிய மூக்கு. பாலாமை. ஒரு வேன் அதன்மேல் ஏறாமல் விலகிப் போயிற்று. அடுத்த வேன் அவ்வாறு போகும் என்பதற்கு உறுதியில்லை. ‘பின்புறம் பற்றுக’ என்று சுவரொட்டியில் நானே எழுதியிருந்தபடி பின்புறம் பற்றித் தூக்கினேன். முன்னங்காலில் தூண்டில் நரம்பு சுற்றித் தோலை அறுத்திருந்தது. பிரபுவை அழைத்தேன்.

“ஏரில வுட்றாத மச்சான். நரம்போட போச்சின்னா கால் அழுகிச் செத்துப்பூடும். டாக்டரு வெட்டி எடுக்கணும். ஊட்ல கொஞ்சமா தண்ணி ஊத்தி வெச்சிக்கோ. நான் வந்துகினே கீறேன்,” என்றான்.

அவன் வந்துகொண்டே இருப்பது எனக்குத் தெரியும். வந்து சேர்வதுதான் எப்போதும் ஐயம். இருப்பினும் வாழையிலை வாங்கும் பையில் ஆமையோடு வீடு திரும்பினேன். ஆமையைக் குளியலறையில், துணி ஊறவைக்கும் அன்னக்கூடையில் இறக்கி, வெளியே வந்து கதவைச் சாத்தியபோது, பட்டுப்புடவையில் அக்கா நின்றிருந்தாள்.

“உள்ள என்னடா?”

“பாலாமை.”

“பால் ஆமையோ மோர் ஆமையோ, அத்தை வர்றதுக்குள்ள அது வெளிய போகணும். இல்லன்னா நீ போகணும்.”

“பிரபு வந்துகொண்டிருக்கிறான்.”

“எங்க வந்துட்டிருக்கான்?”

குமணன்சாவடிச் சந்திப்பில் தண்ணீர் தேங்கி வண்டிகள் அசையாமல் நின்றிருந்தன. அவற்றுள் ஒன்றில் அவன் வந்துகொண்டிருந்தான். அதே குமணன்சாவடியிலிருந்து வர வேண்டிய சரோஜா அத்தையோ, மழைக்குப் பயந்து விடியற்காலையிலேயே புறப்பட்டு, சொன்ன நேரத்துக்கு வெகு முன்னதாகவே சரவணனோடு எங்கள் வாசலில் வந்து இறங்கினார்.

அவர் காலெல்லாம் சேறு. “கால் கழுவிகினு வந்துடுறேன்,” என்று சொல்லி, வழி கேட்டுக்கொண்டு குளியலறைக்குள் போனார். அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத என்னிடம் சொல் இல்லை. இருந்தாலும் அது தூய தமிழாக இராது.

உள்ளே தண்ணீர் விழும் ஓசை கேட்டது. பிறகு எதுவோ சரியும் ஓசை. பிறகு ஓசையே இல்லை. வெளியே வந்த அத்தை, குழாயை மூடாமல் விட்டிருக்கிறீர்கள் என்று சொல்லும் தொனியில் சொன்னார்:

“சம்பந்தி, பாத்ரூம்ல ஆமை கீது.”

அம்மா அப்படியே நாற்காலியில் அமர்ந்தார். அப்பா சோபாவில் அமர்ந்தார்.

“ஆமை பூந்த ஊடும் அமீனா பூந்த ஊடும் இன்னா ஆவும்னு நான் சொல்லித்தான் தெரியணுமா,” என்றார் அத்தை. கையிலிருந்த பூப்பொட்டலத்தைப் பைக்குள் திரும்ப வைத்தார். (அமீனா என்பவர் நீதிமன்ற ஆணையோடு வந்து பாத்திரம் பண்டங்களை ஜப்தி செய்துகொண்டு போகிறவர். இரண்டும் புகுந்த வீடு உருப்படாது என்பது பழமொழி.)

இவ்விடத்தில், என் வயதுடைய எந்த அறிவுள்ள இளைஞனும், ‘ஏரி பக்கத்தில் இருக்கிறது அத்தை, காயம்பட்ட உயிர், நான்தான் கொண்டுவந்தேன், அது புகவில்லை’ என்று நான்கு சொல்லில் முடித்திருப்பான். நான் எழுந்து நின்றேன்.

“அத்தை, பொறுத்தருள வேண்டும். அது ஆமையன்று, ஆம்பி.”

“ஆம்பியா? காலு நாலு, தல ஒண்ணு, முதுவுல ஓடு. அது ஆமை இல்லாங்காட்டி இன்னா?”

“நீங்கள் பார்த்தது ஆமைதான். பழமொழியில் இருப்பதுதான் ஆமையன்று.”

அத்தை சரவணன் பக்கம் திரும்பினார். “டேய், தம்பி இன்னா சொல்லுது?”

சரவணன் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

எனக்குத் தடையில்லை என்று பொருள் கொண்டேன். ஆம்பி என்றால் காளான். அடுப்பு எரியாமல், வெயில் படாமல், பேணுவாரின்றி ஈரம் ஊறிய வீட்டில்தான் ஆம்பி பூக்கும். ‘ஆம்பி பூத்த வீடு’ என்பதே முன்னோர் வாக்கு எனவும், அது மக்கள் வாயில் தேய்ந்து ஆமை ஆயிற்று எனவும் எங்கள் வகுப்பில் சொல்லக் கேட்டிருந்தேன். அதை அப்போதே கண்டுபிடித்தவனைப் போல் முழங்கினேன். “பிழை செய்தது நம் நா, பழி சுமப்பது ஓர் அப்பாவி உயிர். ஆமை புகுவதால் எந்த வீட்டுக்கும் கேடில்லை. காளான் முளைத்த வீடுதான் உருப்படாது. இதில் ஐயமே வேண்டா.”

அப்பாவின் முகம் வெளுத்தது. என் புலமையின் வீச்சு என்று எண்ணிக்கொண்டேன்.

“அப்போ காளான் மொளைச்சாத்தான் கெட்டது,” என்றார் அத்தை மெல்ல. அவர் முகம் சற்றே இளகிற்று. “அதுவும் சரியாத்தான் கீது. ஈர ஊட்ல புள்ளைங்களுக்கு சளி வுடாது.” கை மறுபடியும் பைப்பக்கம் போயிற்று.

அங்கே நான் அமர்ந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. ஆனால் ஆமை வந்துவிட்டது. அத்தை கால் கழுவியபோது சாய்ந்த கூடையிலிருந்து இறங்கி, அவர் சாத்தாமல் விட்ட கதவைக் கடந்து, காலை இழுத்து இழுத்துக் கூடத்தின் நடுவே நடந்து, எவரையும் பாராமல் சோபாவுக்கு அடியில் புகுந்தது.

“இருங்க, நான் புடிக்கிறேன்,” என்று சரவணன் எழுந்தார்.

“வேணாம் மாப்ள, விடுங்க. அதுவா போயிடும்,” என்றார் அப்பா. அவர் சோபாவை இரு கைகளாலும் பற்றிக்கொண்டிருந்தார்.

முந்தின நாள் உத்தரவு எனக்கு அப்போது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஓர் உயிரை மீட்கும் வேகத்தில் அது வரவில்லை. “எழுந்திருங்கள் அப்பா, கால் புண்ணாயிருக்கிறது, நசுங்கிவிடும்,” என்று அவரை எழுப்பி, சோபாவின் ஒரு முனையை நானும் மறுமுனையைச் சரவணனும் தூக்கி அப்பால் வைத்தோம்.

வெள்ளையடித்த சுவர் ஓர் இரவு மழையில் முழுதும் நனைந்திருந்தது. அதன் அடியில், தரையும் சுவரும் கூடும் இடத்தில், வெண்குடை விரித்தாற்போல் ஒரு கொத்துக் காளான். அதன் நிழலில் தலையை நீட்டியபடி ஆமை. மூலபாடமும் பாடபேதமும் அருகருகே அமர்ந்திருந்த அக்காட்சியை எந்தப் பதிப்பாசிரியனும் கண்டிருக்க மாட்டான்.

அத்தை குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஆமையும் கீது. காளானும் கீது,” என்றார் அத்தை. “இன்னும் அமீனா ஒர்த்தன்தான் வரணும்.”

அழைப்பு மணி அடித்தது.

வாசலில் காக்கிச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் வனத்துறைப் படிவங்கள் வைத்த தடித்த காகித உறையோடு பிரபு நின்றிருந்தான். அவனை என் வீட்டார் அதற்கு முன் பார்த்ததில்லை.

“ஊட்டு ஓனர் யாருங்க? எடுத்துனு போலாம்னு வந்துகீறேன். ரெடியா வெச்சிகீறீங்களா?”

“வீட்டு லோன் தவணையெல்லாம் ஒழுங்கா கட்டிட்டுத்தானே வர்றேன்,” என்றார் அப்பா.

“தவணையா? நான் ஆமைக்கு வந்தேன் சார்.”

அத்தை எழுந்தார். பையைத் தோளில் மாட்டினார். அக்காவின் கண் நிறைந்துவிட்டது. இரண்டு ஆண்டுக் காதல் செருப்பு மாட்ட வாசலை நோக்கி நடந்தது. அப்போது அக்கா, அதுவரை வாயைத் திறக்காதிருந்தவள், குமணன்சாவடிப் பேச்சிலேயே சொன்னாள்:

“அத்தே, ஆமை, காளான், அமீனா, மூணும் வந்துடுச்சி. இந்த ஊடு இனிமே உருப்படாது. என்னையாவது உங்க ஊட்டுக்கு இட்டுனு பூடுங்க.”

அத்தை நின்றார். திரும்பி அக்காவைப் பார்த்தார், ஆமையைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். முதலில் அவர் தோள் குலுங்கிற்று. பிறகு வயிறு. பிறகு சுவரில் கைவைத்து (ஈரம் பட்டதும் கையை எடுத்துக்கொண்டு) கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“இட்டுனுதான் போவணும். இந்தத் தம்பி கீற ஊட்ல ஒரு பொண்ண எப்பிடி வுட்டுட்டுப் போறது,” என்று சொல்லி, பூவை எடுத்து அக்காவின் தலையில் வைத்தார்.

ஆமையின் காலிலிருந்து நரம்பை மருத்துவர் அறுத்தெடுத்தார். புண் ஆறியதும் அதே ஏரியில் விட்டோம். தை மாதத்தில் திருமணம் நடந்தது. மணமேடை அருகே நான் நிற்கலாம், ஒலிபெருக்கி அருகே நிற்கக் கூடாது என்பது இரு வீட்டாரும் கூடி எடுத்த முடிவு. இன்றும் எங்கள் குடும்பத்தில் யாராவது எதையாவது அடித்துப் பேசத் தொடங்கினால், “மொதல்ல சோபாவத் தூக்கிப் பாத்துட்டுப் பேசு,” என்பார்கள். அக்காவின் மகள் பேசக் கற்ற முதல் வாக்கியங்களில் அதுவும் ஒன்று.

சரோஜா அத்தைதான் இப்போது குமணன்சாவடியில் எங்கள் குழுவின் கண்ணும் காதும். எந்தப் பரணில் கூகை குஞ்சு பொரித்தாலும், எந்தத் தோட்டத்தில் சாரை நுழைந்தாலும், கட்டையோடு ஓடுகிறவர்களை அவர் முதலில் தடுத்து நிறுத்திவிடுவார். அதன் பிறகு என்னை அழைப்பார். போன மழைக்குக்கூட அழைப்பு வந்தது.

“தம்பி, எதுத்த ஊட்ல ஆமை பூந்துகீது. அடிக்கப் போனானுங்க, கட்டையப் புடுங்கிப் போட்டுட்டேன். நீ பேசாம வந்து எடுத்துனு பூடு.”

“இதோ வருகிறேன் அத்தை. அவர்களிடம் சொல்லுங்கள், அந்தப் பழமொழியில்...”

“தம்பி,” என்றார் அத்தை. “நான் இன்னா சொன்னேன்? பேசாம வா.”