பெட்டியிடம் யார் கேட்பது?

இந்தக் காலத்து ஆட்களுக்குக் கையெட்டும் தூரத்தில் இருப்பதன் மேல் நம்பிக்கையே கிடையாது. கண்காணாத இடத்திலிருந்து ஒருவன் சொன்னால் அது வேதவாக்கு. ஹொசகெரே பட்டுக்கூடுச் சந்தையில் அந்த வெள்ளிக்கிழமை நடந்ததும் அதுதான்.

புதிதாக வந்த அதிகாரி ஏலத்தைப் பத்தரைக்கு மாற்றியிருந்தார். அன்றுதான் முதல் நாள். நூல் எடுக்கும் வியாபாரிகள் கைபேசியில் விலை போட்டால் சுவரிலிருக்கும் பலகையில் தெரிய வேண்டும். மணி பதினொன்று. பலகையில் ஒரு எண்கூட விழவில்லை. வியாபாரிகள் டீ டம்ளரோடு சுவரோரமாக நின்றார்கள்.

நிங்கேகௌடர் பட்டுப்புழு வளர்க்கும் விவசாயி. அறுபது கிலோ கூடு கொண்டுவந்திருந்தார். இன்று விற்காவிட்டால் நாளைக்கு அந்துப்பூச்சி கூட்டை ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்துவிடும். ஓட்டைக் கூட்டை எவனும் சீண்ட மாட்டான்.

பலகையை மாட்டிய பெங்களூர் கம்பெனியிலிருந்து இரண்டு இன்ஜினியர்கள் வந்திருந்தார்கள். சந்தையின் கம்ப்யூட்டர் வயர்களெல்லாம் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியின் முன்னால் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கிளவுட்ல கேட்டாச்சு. ஸ்விட்ச் நல்லாருக்குன்னு சொல்லுது" என்றான் தர்ஷன், கம்பெனியின் தொலைதூர சர்வரைக் கைபேசியில் பார்த்தபடி.

"அது பத்து நிமிஷத்துக்கு முந்தின கதை. லோக்கல் ஏபிஐ வழியா பெட்டியையே நேரா கேக்கணும்" என்றான் மஹந்தேஷ்.

"கேளேன். யாரு வேணாங்கறா?"

"பாஸ்வேர்டு கிளவுட்ல இருக்கு."

கௌடர் எட்டிப் பார்த்தார். "ஏம்ப்பா, பெட்டி காலடியில கெடக்கு. அதுக்கு என்ன நோவுன்னு வெளியூர்ல விசாரிக்கிறீங்களா?"

"உங்களுக்குப் புரியாது பெரியவரே. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

பாஸ்வேர்டு வந்தது. பெட்டியும் தான் நன்றாக இருப்பதாகவே சொன்னது.

"பாத்தியா, கிளவுட் சொன்னதையேதான் சொல்லுது."

"ரெண்டும் ஒண்ணையே சொன்னா, எங்கயோ பெரிய தப்பு இருக்குடா."

தர்ஷன் கிளவுட் வழியாக ஸ்விட்சை அணைத்துப் போட்டான். எடைமேடை செத்தது. மஹந்தேஷ் பெட்டிக்குள் நேராகப் புகுந்து பழைய அமைப்பை ஏற்றினான். எடைமேடை பிழைத்துக்கொண்டது; அந்தக் குழப்பத்தில் விவசாயிகள் காலையில் பதிந்த ஏல வரிசை முழுக்க அழிந்தது. ஆறாவதாக இருந்த கௌடர், மறுபடி பதிந்தபோது நூற்றுப் பதினெட்டாவது ஆனார்.

"இன்னொரு தடவை சரி பண்ணீங்கன்னா, என் வரிசை எங்க ஊர்ல போய் நிக்கும்" என்றார்.

அவர்கள் காதில் விழவில்லை. அடுத்ததாக எதை அணைப்பது என்று கிளவுடைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பன்னிரண்டு அடித்து ஒரு நிமிடம் ஆகியிருக்கும். பலகையில் எண்கள் கொட்டத் தொடங்கின.

"கிளவுட்ல பண்ணதுதான் வேலை செஞ்சுது."

"போடா. லோக்கல்ல ஏத்தினதுதான்."

இருவரும் அதிகாரிக்குத் தனித்தனியாக அறிக்கை எழுத உட்கார்ந்தார்கள்.

இரண்டு மணி வாக்கில் கௌடரின் கூட்டுக்கும் விலை விழுந்தது, நல்ல விலைதான். எடுத்தது சித்தலிங்கு என்கிற வியாபாரி. தட்டுகளிலிருந்து கூட்டைச் சாக்கில் கொட்டிக்கொண்டிருந்தவனிடம் கௌடர் குனிந்து கேட்டார்: "உள்ளதைச் சொல்லு. இவனுங்க ரெண்டு பேர்ல யாரு சரி பண்ணது?"

சித்தலிங்கு நிமிரவில்லை. "கெட்டுப்போனாத்தானே சரி பண்ண? வெள்ளிக்கிழமை பத்தரையிலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் ராகு காலம் கௌடரே. எவன் முதல் விலை போடுவான்?"

கௌடர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "கெட்டே போகலைன்னு சொல்ல உனக்கு அந்தக் கம்பெனிக்காரன் காசு குடுத்துட்டான் போல" என்று சொல்லிவிட்டு, காலித் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.